ஓர் எழுத்துக்கு இத்தனை ஏற்பாடா?

கீபோர்டில் ஒரு விசையை அழுத்தினால் இரண்டு உலோகத் தகடுகள் ஒன்றையொன்று தொட வேண்டும். ஸ்விட்சின் வேலை அவ்வளவுதான். ஆனால் தகடுகள் ஒழுங்காகத் தொடுவதில்லை. சில மில்லி விநாடிகள் துள்ளித் துள்ளித்தான் அடங்கும். கணினி அதை அப்படியே நம்பினால், ஒருமுறை தட்டிய 'அ' திரையில் மூன்றாக விழும். போதாக்குறைக்குத் தூசியும் களிம்பும் சேரும். இன்று துள்ளலை மென்பொருள் வடிகட்டிவிடுகிறது. 1960, 70களின் பொறியாளர்கள் சிலரோ, உலோகம் உலோகத்தைத் தொடுவதையே ஒழித்துக்கட்டப் புறப்பட்டார்கள்.

அமெரிக்காவின் மெக்கானிக்கல் என்டர்பிரைசஸ் நிறுவனம் பாதரசத்தில் இறங்கியது. விசைக்குள் பாதரசம் நிரம்பிய சிறு குழாய். தோட்டத்து ஹோஸ் பைப்பை மிதித்துத் தண்ணீரை நிறுத்துவதுபோல, விசை அந்தக் குழாயை நசுக்கி மின்னோட்டத்தைத் துண்டிக்கும். விரலுக்கடியில் பாதரசம்! இன்று எந்தக் கம்பெனியும் இதற்குத் துணியாது.

எனக்கு அதைவிட வியப்பளிப்பது கார்ட்ரான் கீபோர்டு. ஒவ்வொரு விசைக்குள்ளும் ஒரு குட்டி ஃபெரைட் வளையம், அதனூடே இரண்டு கம்பிகள். அதாவது, விசைக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர்! சும்மா இருக்கும்போது பக்கத்துக் காந்தங்கள் வளையத்தைச் செயலிழக்கச் செய்திருக்கும். விசையை அழுத்தினால் காந்தங்கள் விலகும். ஒரு கம்பியில் ஓடும் மின்துடிப்பு மற்றதற்குத் தாவும். எழுத்து பதிவாகிவிடும்.

ஐபிஎம்மின் கவலை வேறு. தட்டச்சுப் பொறியில் பழகிய விரல்களுக்குச் சத்தம் வேண்டுமே! அதன் 3278 முனையத்தின் கீபோர்டில், வளைந்த உலோகப் பட்டை ஒன்று ஒவ்வொரு விசையிலும் 'டக்'கென்று மடங்கும். அது போதாதென்று, உள்ளிருந்து தட்டிச் சத்தம் எழுப்ப ஒரு மின்காந்தத்தையும் வைத்தார்கள். இது கொஞ்சம் அதிகம்தான்.

இந்தக் கூட்டத்தில் காலம் கடந்து வென்றது ஹனிவெல் நிறுவனத்தின் மைக்ரோ ஸ்விட்ச் பிரிவு 1968இல் கொண்டுவந்த வழி. விசையின் தண்டில் காந்தம், அடியில் அதை உணரும் சிலிக்கான் சில்லு. எட்வின் ஹால் 1879இல் கண்டறிந்த விளைவுதான் அடிப்படை. விசைக்கொரு சில்லு என்பது அன்றைக்குப் பெரிய ஆடம்பரம். மலிவான ரப்பர் கீபோர்டுகள் வந்ததும் இது சந்தையிலிருந்து ஒதுங்கியது.

இப்போது விளையாட்டுக்கான கீபோர்டுகளில் திரும்பி வந்திருக்கிறது. காரணம், விசை எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதையும் காந்தம் சொல்லிவிடும். எந்த ஆழத்தில் எழுத்து பதிய வேண்டும் என்பதை நாமே வைத்துக்கொள்ளலாம். கடிதமும் கணக்கும் தட்டுபவர்கள் இதற்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. சாதாரணத் தகடு ஸ்விட்சே தாராளம்.