எலும்பைக் காக்கும் ஊசி

ஊவா மலைநாட்டிலே தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு முதுகுவலி புதியதொன்றன்று. பசறையிலும் அப்புத்தளையிலும் நமுனுகுல மலைச்சாரலிலும், கூடைக் கயிற்றைத் தலையிலே மாட்டிக்கொண்டு செங்குத்தான மலைகளில் நாள் முழுவதும் ஏறி இறங்குகின்றவர்களுக்கு இடுப்பும் முதுகும் நோவது இயல்பே. மாலையில் லயத்துக்குத் திரும்பி, சுடுநீரில் உடம்பைக் கழுவி, தைலம் தேய்த்துப் படுத்தால், காலையிலே அந்நோவு பெரும்பாலும் தணிந்துவிடும். ஆனால், படுத்த பின்னும் தணியாத நோவு ஒன்றுண்டு. அது ஓரிடத்திலேயே நிலைத்து நிற்கும். நாளுக்கு நாள் மிகும். இரவிலே உறக்கத்தைக் கெடுக்கும். முன்னர் மார்பகப் புற்றுநோய்க்கு வைத்தியம் செய்துகொண்ட ஒருத்திக்கு இத்தகைய நோவு தோன்றுமாயின், கூடையின் மேற் பழியைப் போட்டு வாளாவிருத்தல் ஆகாது. புற்றுநோய் எலும்பிலே குடிபுகுந்ததன் அறிகுறியாக அஃது இருத்தல் கூடும்.

அவ்வாறு எலும்பிலே நோய் பற்றியவர்களுக்கு, எலும்பு முறியாமற் காப்பதற்கென்றே ஊசிமூலம் ஏற்றப்படும் மருந்துகள் இன்று உள்ளன. அவற்றால் எதனை எதிர்பார்க்கலாம், எதனை எதிர்பார்க்கலாகாது, ஊசி போடுமுன் செய்துகொள்ள வேண்டியவை யாவை என்பவற்றை அறிந்துகொள்ளுதல் நோயாளருக்கும் வீட்டாருக்கும் பெரிதும் பயன்படும்.

எலும்பு கல்லைப்போல மாற்றமின்றிக் கிடக்கும் பொருள் என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. மலைப்பாதையை ஓயாது செப்பனிடும் இரு கூட்டத்தாரை நினைத்துக்கொள்க. ஒரு கூட்டத்தார் தேய்ந்த கற்களைப் பெயர்த்தெடுக்கின்றனர். பின்னே வரும் மற்றக் கூட்டத்தார் அக்குழிகளிற் புதுக்கற்களைப் பரப்பி இறுக்குகின்றனர். எலும்பினுள்ளும் இவ்வாறே இருவகை உயிரணுக்கள் வாழ்நாள் முழுவதும் வேலை செய்கின்றன. ஒருவகை பழைய எலும்பைக் கரைத்து அகற்றும். மற்றொரு வகை புதிய எலும்பைக் கட்டும். இவ்விரு வேலைகளும் ஒத்து நடக்கும்வரை எலும்பு உறுதியாயிருக்கும்.

மார்பகம், ஆண்களின் புரொஸ்டேற் சுரப்பி, நுரையீரல், சிறுநீரகம், தைரொயிட் சுரப்பி ஆகியவற்றில் உண்டாகும் புற்றுநோய்கள் இரத்தத்தின் வழியே எலும்பைச் சென்றடைவதுண்டு. மயலோமா எனப்படும் புற்றுநோயோ எலும்பு மச்சையிலேயே தோன்றுவது. எலும்பினுட் புகுந்த நோயணுக்கள் பெரும்பாலும் பெயர்த்தெடுக்கும் கூட்டத்தாரை ஏவிவிடுகின்றன. பெயர்ப்பு மிகுகின்றது, கட்டுமானம் பின்தங்குகின்றது. அதுமட்டுமன்று: கரையும் எலும்பிலிருந்து வெளிப்படும் சில பொருள்கள் நோயணுக்களுக்கே உரமாகின்றன. இதன் முடிவு யாதெனில், ஒரு வாளி தண்ணீரைத் தூக்கும்போதே எலும்பு முறியலாம், முள்ளந்தண்டு நொறுங்கலாம், இரத்தத்திலே கல்சியம் மிகுந்து, தீராத தாகமும் மலச்சிக்கலும் அறிவு மயக்கமும் உண்டாகலாம்.

இதனைத் தடுக்கும் மருந்தின் வரலாறு வியப்புக்குரியது. தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலின் உட்புறத்தே வெண்ணிறச் சுண்ணாம்புப் படிவு ஒட்டிக்கொள்வதை யாவரும் கண்டிருப்பர். இத்தகைய படிவு நீர்க்குழாய்களை அடைக்காதிருக்கும்பொருட்டுத் தொழிற்சாலைகளிலே பொஸ்பேற் சேர்ந்த சில இரசாயனப் பொருள்கள் பயன்படுத்தப்பட்டன. சுவிற்சர்லாந்து நாட்டு வைத்திய அறிஞரான ஹேர்பேட் பிளைஷும் அவருடன் ஆராய்ந்தோரும், இவ்வினத்தைச் சேர்ந்த பொருள்கள் எலும்பின் சுண்ணாம்பிலே ஒட்டிக்கொண்டு அது கரைவதைத் தடுக்கின்றன என்பதை 1969ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பிஸ்பொஸ்பனேற் என்னும் மருந்தினம் அதன் வழி வந்ததே. எலும்பைக் கரைக்க வரும் உயிரணு, எலும்போடு சேர்த்து மருந்தையும் உட்கொள்கின்றது. உட்கொண்டபின் தன் வேலையைச் செய்ய மாட்டாமல் ஓய்ந்து போகின்றது.

இவ்வினத்திலே இன்று பரவலாக வழங்குவது சொலெட்ரோனிக் அமிலம். இதில் 4 மில்லிகிராமை, சேலைன் ஏற்றுவதுபோல, 15 நிமிடத்துக்குக் குறையாமல் நரம்பின் வழியே ஏற்றுவர். உலகச் சுகாதார நிறுவனம் 2017ஆம் ஆண்டில், புற்றுநோயால் விளையும் எலும்புக் கேட்டுக்கான இன்றியமையாத மருந்தாக இதனைத் தன் பட்டியலிற் சேர்த்தது. டெனோசுமாப் என்பது வேறினத்து மருந்து. எலும்பைக் கரைக்கும் உயிரணுக்கள் உருவாவதற்கு வேண்டிய ஏவலையே அது தடுத்துவிடும். அதில் 120 மில்லிகிராமை நான்கு வாரத்துக்கொருமுறை தோலின் கீழ் ஊசியாகப் போடுவர்.

தோட்டத்திலிருந்து பதுளைக்கு வந்து கிளினிக்கிற் காத்திருந்து திரும்புவதென்றால், பேருந்துச் செலவோடு அன்றைய பேரும் போய்விடும். ஆகவே, எத்தனை நாளுக்கொருமுறை ஊசி என்பது சிறிய கேள்வியன்று. சொலெட்ரோனிக் அமிலத்தை முன்னர் மூன்று அல்லது நான்கு வாரத்துக்கொருமுறை ஏற்றுவதே வழக்கம். அமெரிக்காவில் 1,822 நோயாளரைக் கொண்டு நடத்தி, 2017ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியொன்று, பன்னிரண்டு வாரத்துக்கொருமுறை ஏற்றினும் பயன் குறையவில்லை எனக் காட்டிற்று. இரு பிரிவாரிலும் இரண்டாண்டுக்குள் எலும்புக் கேடு நேர்ந்தோர் பத்துப் பேரில் ஏறத்தாழ மூவரே. இதனை வைத்தியரிடம் கேட்டு, அவர் சொல்லும் தவணையைக் கொள்ளலாம். வைத்தியர் தவணையை நீட்டித் தருதல் வேறு. நோயாளர் தாமாகவே தள்ளிப்போடுதல் வேறு. டெனோசுமாப்பைத் திடீரென நிறுத்தினால் எலும்பு மீண்டும் விரைந்து கரையத் தொடங்கும் என்பதையும் மறத்தலாகாது.

இனி, ஊசி போடுமுன் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது பல். இம்மருந்து பெறுவோருள் நூற்றுக்கு ஒருவர் இருவருக்குத் தாடையெலும்பின் ஒரு பகுதி உயிரிழந்து, முரசைப் பிளந்து வெளியே தெரியும் நிலை உண்டாகின்றது. மருந்து தொடங்கிய பின்னர்ப் பல் பிடுங்குவதே இதற்குப் பெருங்காரணம். தோட்டப் பகுதிகளிலே வெற்றிலை, பாக்கு, புகையிலை ஆகியவற்றைச் சேர்த்து மெல்லும் வழக்கம் மிகுதி. ஆடிய பல்லும் வீங்கிய முரசும் வயதானோர் பலரிடம் காணப்படும். வாய்ப்புற்றுநோய்க்கு வழிசெய்யும் அவ்வழக்கம் இங்கே இரட்டைக் கேடாகின்றது. ஆதலின், முதல் ஊசிக்கு முன்னரே பல் வைத்தியரிடம் காட்டி, பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கி, அப்புண் ஆறிய பின்னரே மருந்தைத் தொடங்குதல் நன்று. பின்னர் எந்தப் பல் வைத்தியரிடம் சென்றாலும், இவ்வூசி பெறுவதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது சிறுநீரகம். சொலெட்ரோனிக் அமிலம் சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறும். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் அதனை மேலும் கெடுக்கும். அதனாலேதான் ஒவ்வொரு முறையும் இரத்தப் பரிசோதனை செய்கின்றனர். காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பரவியுள்ள கிராந்துருக்கோட்டையும் இதே பதுளை மாவட்டத்தைச் சேர்ந்ததே. அத்தகைய இடங்களில் வாழ்ந்தவர்கள் அதனை வைத்தியரிடம் சொல்லுதல் வேண்டும். நோவுக்கென்று கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரைகளிற் சில சிறுநீரகத்தைத் தாக்குவன, அவற்றையும் மறைத்தலாகாது.

மூன்றாவது கல்சியம். எலும்பு கரைவதை நிறுத்தும்போது இரத்தத்திலே கல்சியம் தாழ்ந்து, கைகால் விறைப்பும் உதட்டைச் சுற்றி மதமதப்பும் தோன்றலாம். பாலும், முள்ளோடு உண்ணும் நெத்தலியும், குரக்கனும் நல்லுணவே. ஆயினும், வைத்தியர் கொடுக்கும் கல்சியம், விற்றமின் டி மாத்திரைகளுக்கு அவை ஈடாகா. இரத்தத்தில் ஏற்கெனவே கல்சியம் மிகுந்தவருக்கு அம்மாத்திரைகள் ஆகா என்பதால், அவற்றைத் தாமாக வாங்கி உண்ணுதலும் தகாது.

முதன்முறை மருந்தேற்றிய மறுநாள் காய்ச்சலும் உடல்நோவும் வருவதுண்டு. ஓரிரு நாளில் அவை தணியும். அதற்கஞ்சி அடுத்த ஊசியைக் கைவிட வேண்டுவதில்லை.

இவ்வூசி புற்றுநோயைக் குணப்படுத்துவதன்று என்பதைத் தெளிவாக உணர்தல் வேண்டும். அதற்குரிய மற்ற வைத்தியங்கள் தொடர்ந்து நடைபெற வேண்டும். நோவு தாங்கவியலாத இடத்துக்குக் கதிர்வீச்சு வைத்தியமும் தேவைப்படலாம். பதுளைப் பெரிய வைத்தியசாலையிலும் மகரகமை அபேக்ஷா வைத்தியசாலையிலும் புற்றுநோய்க்குரிய அரசாங்க வைத்தியம் கட்டணமின்றிக் கிடைக்கின்றது. முதுகு நோவோடு கால்கள் தளர்ந்தாலோ, சிறுநீர் கழிக்க இயலாது போனாலோ, கிளினிக் நாளுக்காகக் காத்திருத்தல் கூடாது. முள்ளந்தண்டு நரம்பு நெரிபடுவதன் அடையாளம் அது. அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். ஒருநாட் தாமதம் கால்களையே பறித்துவிடக் கூடும்.

அங்ஙனமாயின், நோயை நீக்காத ஊசியால் என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். இடுப்பெலும்பு முறிந்து லயத்து அறையிலே கிடப்பவரைப் பார்த்திருப்போர் அவ்வாறு கேளார். தன் காலால் நடந்து பீலிக்குச் சென்று முகம் கழுவுவதும், அடுப்படியிலே தானே அமர்ந்து தேநீர் ஊற்றிக்கொள்வதும், பேரப்பிள்ளையைப் பாடசாலை வாயில்வரை கொண்டுபோய் விடுவதும் நோயாளருக்குச் சிறிய செல்வங்களல்ல. அவற்றை இன்னும் பலகாலம் அவர் கையை விட்டுப் போகாமற் காப்பதே இம்மருந்தின் பயன்.