வலசையும் ஒரு பாடமே

வலசை பற்றிப் பேசும்போதெல்லாம், “அது விலங்குகளுக்குப் பிறவியிலேயே வருவது” என்று வகுப்பில் சொல்லி வந்தேன். 2018இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஓர் ஆய்வு அதைத் திருத்த வைத்தது.

அமெரிக்காவின் ராக்கி மலைகளில் பெருங்கொம்புக் காட்டுச் செம்மறிகள் வாழ்கின்றன. வசந்தத்தில் பனி உருக உருக, அடிவாரத்திலிருந்து உச்சி நோக்கிப் புல் துளிர்க்கும். இளம்புல்லில் சத்து அதிகம். அதைத் தொடர்ந்து மலையேறும் ஆடுகள், குளிர்காலத்தைத் தாங்கக் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன.

வேட்டையாலும், வளர்ப்பு ஆடுகளிடமிருந்து தொற்றிய நோயாலும் பல மந்தைகள் அழிந்தன. அவ்விடங்களில் வேறு இடத்து ஆடுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். வயோமிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜி.பி.எஸ். கழுத்துப்பட்டை மூலம் ஆடுகளின் நடமாட்டத்தை ஆராய்ந்தனர். பழைய மந்தைகளில் பெரும்பாலானவை வலசை சென்றன. புதிதாக விடப்பட்டவற்றில் பத்தில் ஒன்றுகூடச் செல்லவில்லை. பல பத்தாண்டுகள் ஓரிடத்தில் வாழ்ந்த மந்தைகளோ மெல்ல மெல்ல வழியைக் கற்றிருந்தன. மூத்தவற்றிடமிருந்து இளையவை கற்கும் அறிவு அது.

மந்தை அழிந்தால் அந்த அறிவும் அழிகிறது. ஆடுகளை லாரியில் கொண்டுவந்துவிடலாம். அறிவு திரும்பப் பல தலைமுறைகள் ஆகும்.

இப்போது விடையைச் சொல்வதில்லை. “எது பிறவியில் வருவது, எது கற்றது? எப்படிச் சோதிப்பீர்கள்?” என்று மாணவர்களிடமே கேட்கிறேன்.