தொலைவிலுள்ள கணினியும் திறந்த தபாலட்டையும்

லுணுகலையிலிருந்து பதுளைக்குச் சென்று திரும்ப அரைநாள் ஆகிவிடும். இங்கிருந்தபடியே கொழும்பிலுள்ள கணினியை இயக்கலாமென்றால் நம் மாணவர்க்கு அது புதுமைதான். அவர்கள் முதலிற் பழகுவன டெல்நெட், எஃப்.டி.பி. என்னும் இரு பழைய கருவிகள்.

1969இல் அமெரிக்காவிற் பிறந்த டெல்நெட், அயலூர்க் கணினியின் முன் நாமே அமர்ந்து தட்டச்சுச் செய்வது போன்ற வசதியைத் தந்தது. கோப்புகளை அனுப்பவும் பெறவும் உதவும் எஃப்.டி.பி.யின் விதிகளை 1971இல் முதன்முதல் வகுத்தவர் அபய் பூஷண். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1965இல் பட்டம் பெற்றவர். அண்டை நாட்டவர் என்பதில் நமக்கும் சிறிது பெருமையுண்டு.

எஃப்.டி.பி.யில் ஒரு கண்ணி உளது. படத்தை எழுத்துக்குரிய முறையில் அனுப்பினால், வரிமுடிவுக் குறிகள் மாற்றப்பட்டுப் படம் பாழாகும். இரும முறையே வேண்டும். நாமும் ஒருமுறை வரைபடமொன்றை இவ்வாறு பாழாக்கியதுண்டு.

அதனினும் பெருங்குறை, இவ்விரண்டிலும் கடவுச்சொல் மறைப்பின்றிச் செல்வதே. தோட்டத்துக்கு வரும் தபாலட்டையைக் கொண்டுவருபவர் படித்துவிடலாமன்றோ? அதுபோல இடைவழியில் எவரும் அதைப் படிக்கலாம். 1995இல் பின்லாந்தின் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பிற் கடவுச்சொற்கள் களவாடப்பட்டபோது, அங்கு ஆய்வாளராயிருந்த தாத்து உலோனென், அனைத்தையும் மறைகுறியாக்கி அனுப்பும் எஸ்.எஸ்.எச். முறையை உருவாக்கினார். எஃப்.டி.பி.யின் வாயிலெண் 21, டெல்நெட்டினது 23; இடையே வெறுமையாயிருந்த 22 புதியதற்கு வாய்த்தது!

பழைய இரண்டையும் மாணவர் வகுப்பறைக் கணினிகளுக்கிடையே பழகிப் பார்க்கட்டும். வெளியூர்க் கணினிக்குக் கடவுச்சொல்லைத் தட்டும்போது மட்டும் எஸ்.எஸ்.எச்.சையும், கோப்புகளுக்கு அதன்வழி இயங்கும் எஸ்.எஃப்.டி.பி.யையும் கைக்கொள்க.