படகுக்கும் வேண்டும் தொப்பை!

செட்டிநாட்டு ஊருணிகளில் நீச்சல் பழகிய பழைய ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். முதல் வாத்தியார் யார் என்றால், 'சுரைக்குடுக்கை' என்பார்கள். காய்ந்த குடுக்கையை முதுகில் கட்டி, "குதிடா!" என்று தள்ளிவிடுவார்கள். குடுக்கை கிடைக்காத வீட்டில் மூடிய காலி டின். அப்புறம் பிளாஸ்டிக் கேன் வந்தது.

அந்தக் குடுக்கையின் பணக்காரத் தம்பி ஒருவன் வெளிநாட்டு ஆறுகளில் கனூ படகில் சவாரி செய்கிறான். பெயர், காற்றுப்பை!

"ஏன் தம்பி, படகே மிதக்குற சாமான்தானே? அதுக்குள்ளாற எதுக்குப் பலூன்?" என்றார் பிள்ளையார்பட்டி டீக்கடை அண்ணன்.

நியாயமான கேள்வி. கனூ என்பது மேலே மூடாத, ஒற்றைத் துடுப்புப் படகு. பாறையில் மோதி நுரைத்து வெளுத்து ஓடும் ஆற்றில் அதை விட்டால், ஒரே அலையில் உள்ளே தண்ணீர் ஏறிவிடும். நம் கட்டுமரத்துக்கு இந்தக் கவலை இல்லை. அதற்கு வயிறே கிடையாது, ஏறிய தண்ணீர் இடுக்கு வழியே இறங்கிப் போய்விடும். கனூவுக்கோ வயிறு பெரிது. 16 அடிப் படகு நிரம்பினால் உள்ளே இருக்கும் தண்ணீரே அரை டன்னைத் தாண்டும். அந்த எடையோடு குறுக்கே திரும்பிப் பாறையில் சாய்ந்தால், ஆறு அதை அப்பளமாக மடித்துவிடும். படகுக்கும் பாறைக்கும் நடுவே ஆள் மாட்டிக்கொண்டால்... நினைக்கவே பயமாக இருக்கிறது.

பி.காம். படித்தவனுக்குப் புரிகிற கணக்காகச் சொல்கிறேன். 1 லிட்டர் தண்ணீர் 1 கிலோ. பைகள் 200 லிட்டர் இடத்தைப் பிடித்துக்கொண்டால், 200 கிலோ தண்ணீர் உள்ளே வர முடியாது. அவ்வளவுதான் சூட்சுமம். 'ஹவுஸ்ஃபுல்' போர்டு மாட்டிவிடுகிறோம்!

எந்தப் பை?

இரண்டு ஜாதி உண்டு. வினைல் பை விலை குறைவு, கனம் அதிகம். யூரித்தேன் பூசிய நைலான் பை லேசு, உழைப்பும் அதிகம். ஆனால் பர்ஸ் அழும்.

வாங்குமுன் அளவு எடுங்கள். படகின் மூக்கு நுனியிலிருந்து பை எதுவரை வரணுமோ அதுவரை நீளம், கூடவே அகலம், உயரம். ஒற்றை ஆள் படகென்றால் முன்னும் பின்னும் நீளமான பைகள். இரண்டு பேர் படகில் இரு முனையிலும் சின்னப் பைகள், நடுவே ஒன்று. பை ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தால் தப்பில்லை, சிறிதாக இருந்தால்தான் வம்பு. ஒரே பாறையில் செதுக்கிய எங்கள் கற்பக விநாயகருக்கும் பின்னால் இருக்கும் பாறைக்கும் நடுவே இடைவெளி உண்டா? அப்படி ஒட்டி நிற்கணும் பை!

ஊதும் குழாய் நீளமாக இருப்பது உத்தமம். பையைக் கட்டிய பிறகும் வெளியிலிருந்தே ஊதலாம்.

எப்படிக் கட்டுவது?

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். சும்மா திணித்துவைத்த பை, தண்ணீர் ஏறியதும் "நான் வர்றேன்" என்று மேலே கிளம்பிவிடும். படகு கீழே, பை மேலே. அப்புறம் என்ன பிரயோஜனம்?

படகின் விளிம்புக்குச் சற்றுக் கீழே, சுமார் 4 அங்குலத்துக்கு ஒன்றாக இரு பக்கமும் துளை போடுவார்கள். 3, 4 மில்லிமீட்டர் நைலான் கயிற்றைக் கயிற்றுக் கட்டில் பின்னுகிற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இழுத்துக் கூண்டு கட்டுவார்கள். அது போதாது. படகின் அடித்தளத்தில் ஒரு வளையத்தை ஒட்டி, அதிலிருந்து பையின் மேலாக மூக்கு வரை ஒரு பட்டை இழுக்கணும். கூண்டு மேலே எழும்பாமல் பார்த்துக்கொள்ளும், பட்டை வெளியே நழுவாமல் பார்த்துக்கொள்ளும்.

பையைப் பாதி காற்றோடு உள்ளே தள்ளி, மடிப்பை நீவிவிட்டு, பிறகு கெட்டியாக ஊதுங்கள். கயிற்று நுனி மட்டும் எங்கேயும் தொங்கக் கூடாது. கவிழும்போது காலைச் சுற்றுவது அதுதான்!

வெயில் கணக்கு

கரையில் கல்லு மாதிரி ஊதிய பை, குளிர்ந்த ஆற்றில் இறங்கியதும் சுருங்கித் தொளதொளக்கும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு ஊது அவசியம். திரும்பும்போது உல்டா. கார் மேல் வெயிலில் படகைக் கட்டினால் காற்று விரிந்து பையின் ஒட்டு பிரிந்துவிடும். காரில் ஏற்றுமுன் காற்றை இறக்குங்கள்.

நம் நாட்டில் கனூவைவிடக் கயாக்கும் ரப்பர் ராஃப்ட்டும்தான் அதிகம். கோழிக்கோடு பக்கம் சாலிப்புழையில் சீறும் கயாக்குக்கும் இந்தப் பாடம் உண்டு. அதன் வால் பகுதியில் நடுவே தடுப்பு இருப்பதால், இடம் வலமாக இரண்டு பை. ரிஷிகேஷ் ராஃப்ட்டோ முழுக்க முழுக்கக் காற்றுதான். தனித்தனி அறையாக இருப்பதால் ஒன்று போனாலும் மற்றது தாங்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்தப் பை படகுக்கு, ஆளுக்கு அல்ல. ஆளுக்கு லைஃப் ஜாக்கெட்தான். ஒகேனக்கல் பரிசலோ, ரிஷிகேஷ் ராஃப்ட்டோ, ஏறுமுன் தாராளமாக 'பிள்ளையாரப்பா' என்று கும்பிடுங்கள். கும்பிட்ட கையோடு ஜாக்கெட் பக்கிளையும் மாட்டிவிடுங்கள்!