கதவே கதை சொல்லும் கேம்: ‘ஈடித் ஃபிஞ்ச்’ வீட்டுக்குள் என்ன இருக்கு?

கேம் என்றால் ஓடணும், சுடணும், ஜெயிக்கணும். 2017-ல் ஜயன்ட் ஸ்பாரோ நிறுவனம் உருவாக்கிய ‘வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபிஞ்ச்’ கேமில் இதெல்லாம் கிடையாது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்தில் ஒரு தீவு, ஆளில்லாத ஒரு பழைய வீடு. அதற்குள் ஈடித் என்ற பெண்ணாக நடக்கிறோம். சுமார் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

விஷயம் அந்த வீட்டில்தான் இருக்கிறது. குடும்பத்தில் ஒவ்வொருவராக இறக்க, அவர்கள் அறைகளை அப்படியே நினைவிடமாக வைத்திருக்கிறார் கொள்ளுப்பாட்டி ஈடி. ஈடித்தின் அம்மா டான், தன் மகன் ஒருவன் காணாமல் போனதும் அந்த அறைகளுக்கு சீல் வைத்துவிடுகிறார். பாட்டி சும்மா இருப்பாரா? கதவுகளில் துளை போட்டுவிடுகிறார். போனவர்களைப் பார்த்துக்கொண்டே வாழ்வதா, மூடிவிட்டுப் பிழைப்பதா என்ற சண்டை, கதவைப் பார்த்ததுமே புரிந்துவிடுகிறது.

அண்ணன் லூயிஸுக்கு மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை. கன்ட்ரோலரின் வலது ஸ்டிக்கால் மீன் தலையை வெட்ட வேண்டும். இடது ஸ்டிக்கால் அவன் கனவு ராஜ்ஜியத்தில் நடக்க வேண்டும். கனவு மெல்ல மெல்லத் திரையை நிறைக்கிறது. வலது கை மட்டும் பழக்கத்தில் வெட்டிக்கொண்டே இருக்கிறது. அவன் மனசு கைநழுவிப் போவதை நம் விரல்களே உணர்கின்றன. நாள் முழுக்க எக்செல்லோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2018-ல் பாஃப்டா சிறந்த கேம் விருது பெற்றது. ஐபோனிலும் ஆடலாம். லூயிஸ் காட்சிக்கு மட்டும் கன்ட்ரோலர் இருந்தால் நல்லது.