கடல் கடந்த சந்தையும் நம் தறியும் வயலும்

சிங்கப்பெருமாள் கோவிலில், திருப்பெரும்புதூரிலிருந்து வரும் சாலை பெருஞ்சாலையோடு கூடுமிடத்தில் சிறிது நேரம் நின்று நோக்குவோர், புது மோட்டார் வண்டிகளை அடுக்கிச் செல்லும் நீண்ட லாரிகளைக் காணாமல் இரார். அவ்வண்டிகளுள் ஒரு பகுதி துறைமுகம் சென்று கப்பலேறி அயல்நாடுகளை அடைகின்றது. "ஆலைக்காரருக்கு அயல்நாட்டுச் சந்தை உண்டு, தறிக்காரனுக்கும் உழவனுக்கும் அதனால் ஆவதென்ன?" என்று நம் சங்க உறுப்பினர் பலர் வினவுவதுண்டு. நமக்கு மிக அணித்தாயுள்ள நாடு இலங்கை. அந்நாட்டோடு இந்தியா நடத்தும் சரக்கு வாணிகத்தை எடுத்துக்கொண்டு, இரு நாடுகளுக்கிடையே வாணிகம் எவ்வாறு நடைபெறுகின்றது என்பதையும், அதனால் தறிக்கும் வயலுக்கும் விளையும் நன்மை தீமைகளையும் இக்கட்டுரையில் விளக்குவோம்.

பழைய உறவு

இலங்கைக்கும் நமக்கும் உள்ள வாணிகம் புதியதன்று. எழும்பூரிலிருந்து புறப்பட்ட "போட் மெயில்" நம் ஊர்த் தண்டவாளத்தின் வழியேதான் தனுஷ்கோடிக்குச் சென்றது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின், பயணிகள் தனுஷ்கோடியில் இறங்கிச் சிறு கப்பலேறித் தலைமன்னாரை அடைந்தனர். 1964 டிசம்பரில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்ததும் அவ்வழி அற்றுப்போயிற்று. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குத் தோணிகள் சரக்கேற்றிச் சென்ற வரலாறும் நெடியது. வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் பங்குகள் திரட்டிச் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் இக்கடல் வழியிலேயேயாம்.

சென்னை மாகாணத்துக் கைத்தறித் துணிகளுக்கும் கைலிகளுக்கும் இலங்கை, பர்மா, மலேயா ஆகிய நாடுகள் பழைய சந்தைகள். விடுதலைக்குப் பின் அந்நாடுகள் தத்தம் செலாவணியைக் காக்கவும் தம் நெசவாளரை வளர்க்கவும் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது, நம் தறிகள் பலவற்றில் வேலை குறைந்தது. நெய்தவன் பிழை செய்தானில்லை; துணியிலும் குறையில்லை. எங்கோ ஓர் அலுவலகத்தில் எழுதப்பட்ட ஒரு விதி, இங்கே பாவோட்டத்தை நிறுத்திற்று. அயல்நாட்டு வாணிகத்தைப் பற்றி நாம் முதலில் உணரவேண்டுவது இதுவே.

பண்டமாற்றாக ஒரு ஒப்பந்தம்

இரு நாடுகள் வாணிகம் செய்வதற்கு எப்பொழுதும் பணமே வேண்டுமென்பதில்லை. 1952ஆம் ஆண்டு டிசம்பரில் இலங்கை சீனத்துடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. அதன்படி ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் சீனம் 2,70,000 டன் அரிசி தருவதென்றும், இலங்கை 50,000 டன் ரப்பர் தருவதென்றும் உறுதி செய்யப்பட்டது. அக்காலத்தில் உலகச் சந்தையில் அரிசி அரிதாயிருந்தது. ரப்பர் விலையோ வீழ்ந்திருந்தது. ஒருவரிடம் மிகுந்தது மற்றவரிடம் குறைந்திருந்தமையால் இருவரும் பயன் பெற்றனர். சந்தை விலைக்கு மேல் ரப்பருக்குக் கிடைத்தமையின் தோட்டக்காரரும் மகிழ்ந்தனர். புதுப்பிக்கப்பட்டுப் பல்லாண்டு நிலவிய இவ்வுடன்படிக்கை, இருநாட்டு வாணிகத்தின் அடிப்படையைத் தெளிவாகக் காட்டுகின்றது.

கதவு மூடினால் ஒருவர், திறந்தால் மற்றொருவர்

ஆயினும், வாணிகத்தில் எல்லோரும் ஒருசேர நன்மை பெறுவர் என்று எண்ணுதல் தவறு. 1970 முதல் 1977 வரை இலங்கையை ஆண்ட அரசாங்கம் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்திற்று. யாழ்ப்பாணத்து உழவர் கிணற்று நீர் இறைத்து அப்பயிர்களை விளைவித்து நல்ல விலை பெற்றனர். படித்த இளைஞர்களும் வன்னி நிலங்களில் மிளகாய் பயிரிட முன்வந்தனர். 1977இல் ஆட்சி மாறி இறக்குமதிக் கதவுகள் திறக்கப்பட்டன. வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வந்திறங்க, யாழ்ப்பாணத்தில் விலை சரிந்தது. இங்கே மண்டியில் மூட்டை ஏற்றியவனுக்கு அது நற்செய்தி. அங்கே கிணறு வெட்டக் கடன் வாங்கியவனுக்குத் துயரச் செய்தி. இருவரும் தமிழ் பேசும் உழவரே. நம் இலாபத்தைக் கணக்கிடும்போது அக்கரையின் நட்டத்தையும் நினைத்தல் கூட்டுறவாளர்க்கு அழகாகும்.

இதனாற்றான் பின்னாளிலும் இலங்கை தன் வேளாண் விளைபொருள்கள் பலவற்றைச் சலுகைக்கு உட்படுத்த மறுத்தது. 2007இல் தனிச் சட்டம் இயற்றி, வெங்காயம், உருளைக்கிழங்கு முதலியவற்றின் மீது விசேட வரி விதித்தது; தன் உழவரின் அறுவடைக் காலத்தில் அதனை உயர்த்தியும், பின்னர்க் குறைத்தும் வந்தது.

1998ஆம் ஆண்டு உடன்படிக்கை

இந்தியாவும் இலங்கையும் 1998 டிசம்பர் 28ஆம் நாள் தடையற்ற வாணிக உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அது 2000 மார்ச் முதல் தேதியன்று நடைமுறைக்கு வந்தது. இதனை விளங்கிக்கொள்ள மூன்று சொற்களை அறிந்தாற் போதும்.

முதலாவது, சுங்கத் தீர்வை. 300 ரூபாய் அடக்கமுள்ள ஒரு கைலிக்கு நூற்றுக்கு இருபது வீதம் தீர்வை விதிக்கப்படுமாயின், அக்கரையில் அது 360 ரூபாய்ச் சரக்காகின்றது. வேறொரு நாட்டுக் கைலி 330 ரூபாய்க்குத் தீர்வையின்றி வந்தால், வாங்குவோர் அதனையே நாடுவர். இவ்வுடன்படிக்கையின்படி இந்தியா 2003க்குள்ளும், இலங்கை 2008க்குள்ளும் பட்டியலிட்ட பொருள்களின் தீர்வையைப் படிப்படியாக நீக்கின. வலிய நாடு விரைந்து குறைப்பது, சிறிய நாடு அவகாசம் பெறுவது என்னும் நியாயம் இதில் அமைந்துள்ளது.

இரண்டாவது, விலக்குப் பட்டியலும் அளவுக் கட்டுப்பாடும். சலுகை பெறாத பொருள்கள் விலக்குப் பட்டியலில் அடங்கும். இந்தியாவின் பட்டியலில் 429 இனங்களும், இலங்கையின் பட்டியலில் 1,180 இனங்களும் தொடக்கத்தில் இடம்பெற்றன. வேறு சில பொருள்கள் குறித்த அளவு வரையில் மட்டும் சலுகை பெற்றன. தேயிலைக்கு ஆண்டுக்கு 150 லட்சம் கிலோ என்றும், தைத்த ஆடைகளுக்கு 80 லட்சம் உருப்படி என்றும் இந்தியா எல்லை வகுத்தது. அவ்வாடைகளுள் 60 லட்சம் உருப்படிகள் இந்தியத் துணியால் தைக்கப்பட்டிருத்தல் வேண்டுமென்று முதலில் நிபந்தனையும் இருந்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. அயல்நாட்டில் தைத்த சட்டையாயினும் அதன் துணி நம் நாட்டினதாக இருக்கலாம் என்பதை நெசவாளர் மனங்கொள்க.

மூன்றாவது, பிறப்பிட விதி. ஒரு சரக்கு உண்மையில் எந்நாட்டில் உண்டாயிற்று என்பதைத் தீர்மானிப்பது இது. கப்பலேறும்போது 100 ரூபாய் பெறும் பொருளில், ஏற்றுமதி செய்யும் நாட்டிலேயே குறைந்தது 35 ரூபாய் மதிப்புச் சேர்ந்திருத்தல் வேண்டும். ஆனால் இலங்கைத் தொழிற்சாலை 10 ரூபாய்க்கு இந்தியத் துணியோ நூலோ வாங்கியிருந்தால், அங்கே 25 ரூபாய் மதிப்புச் சேர்ந்தாற் போதும். ஒருவர் சரக்கை மற்றவர் வாங்கிப் பயன்படுத்த ஊக்குவிக்கும் ஏற்பாடு இது.

விதியின் இடுக்கில் நுழைந்தோர்

இலங்கை இந்தியாவிற்கு அனுப்பிய சரக்கின் மதிப்பு 1999இல் ஏறத்தாழ 5 கோடி டாலராக இருந்தது. 2005இல் 50 கோடி டாலரைக் கடந்தது. இவ்வளர்ச்சி வியப்பிற்குரியது. ஆயினும், அதன் பெரும் பகுதி வனஸ்பதியாலும் செம்பாலும் வந்ததென்பதை அறிந்தால் வியப்புக் குறையும். இந்தியா பனை எண்ணெய்க்குப் பெருந்தீர்வை விதித்திருந்தது. இலங்கையிலோ அது குறைவு. ஆகவே, மலேசியா, இந்தோனேசியா நாடுகளின் எண்ணெயை இலங்கையில் இறக்கி, வனஸ்பதியாக மாற்றித் தீர்வையின்றி இந்தியாவிற்கு அனுப்பினர். அத்தொழிற்சாலைகளில் இந்திய முதலாளிகளும் முதலீடு செய்திருந்தனர். இங்குள்ள எண்ணெய் ஆலையாளரும் எண்ணெய் வித்து உழவரும் முறையிட்டதன்மேல், ஆண்டுக்கு 2,50,000 டன் என்று எல்லை கட்டப்பட்டது. அவ்வாணிகம் விரைவில் சுருங்கிற்று, ஆலைகள் மூடப்பட்டன. தீர்வை வேறுபாட்டை மட்டுமே நம்பி எழுந்த தொழில், அவ்வேறுபாடு மறைந்ததும் நிலைபெறவில்லை.

மிளகிலும் இத்தகைய ஐயம் எழுந்தது. பிற நாட்டு மிளகு இலங்கைச் சான்றிதழோடு வருகின்றதென்று இந்திய மிளகு உழவர் முறையிட்டனர். 2017 டிசம்பரில் இந்திய அரசாங்கம், கிலோவிற்கு 500 ரூபாய்க்குக் குறைந்த மிளகை இறக்குமதி செய்யலாகாதென விதித்தது.

பணமில்லாச் சந்தை

தீர்வையும் விதியும் சரியாயிருந்தும், வாங்குவோரிடம் செலாவணி இல்லையேல் வாணிகம் நில்லாது. இலங்கை 2020 மார்ச்சில் மோட்டார் வண்டி இறக்குமதியை நிறுத்திற்று. அத்தடை முழுமையாக நீங்கத் தொடங்கியது 2025இன் தொடக்கத்திலேதான். 2022 ஏப்ரல் 12ஆம் நாள், அயல்நாட்டுக் கடன்களைத் திருப்பித் தர இயலாதென அந்நாடு அறிவித்தது. உணவுப் பொருள் வந்திறங்கியும், பணங்கட்ட இயலாமற் பெட்டகங்கள் கொழும்புத் துறைமுகத்தில் தேங்கின. காகிதமின்றிப் பள்ளித் தேர்வுகளும் தள்ளிவைக்கப்பட்டன. அந்நிலையில் இந்தியா இன்றியமையாப் பொருள்கள் வாங்க 100 கோடி டாலர் கடன் வசதி அளித்தது. தமிழ்நாடு அரசு 40,000 டன் அரிசியும், பால் மாவும், மருந்துகளும் அனுப்ப முன்வந்து, 2022 மே 18ஆம் நாள் சென்னையிலிருந்து முதற் கப்பலை வழியனுப்பிற்று. அண்டை வீட்டான் பட்டினி கிடக்க நம் கடை செழிக்காது என்பதை அவ்வாண்டு உணர்த்திற்று.

நம் கதவும் மூடக்கூடும்

தடை அயலாரிடமிருந்து மட்டும் வருவதன்று. உள்நாட்டு விலையேற்றத்தைத் தடுக்க இந்திய அரசாங்கம் 2023 டிசம்பரில் வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. 2024 மே மாதம் அது நீக்கப்படும்வரை, நட்பு நாடுகளுக்குக் குறித்த அளவே அனுமதிக்கப்பட்டது. நகரத்துக் குடும்பங்களுக்கு அது நன்மையே. ஆனால், வடமாநிலப் பெரிய வெங்காயத்திற்கும் நம் சின்ன வெங்காயத்திற்கும் ஒரே விதி பொருந்திற்று. பெரம்பலூர், திண்டுக்கல், திருப்பூர் வட்டாரத்து உழவர், தம் விளைபொருளுக்கெனத் தனிச் சுங்கக் குறியீடு வேண்டுமென்று கேட்டதன் காரணம் இதுவே. பட்டியலில் தனிப் பெயரில்லாத பயிர், பிறருக்கு வந்த தடையையும் சேர்த்துச் சுமக்கின்றது.

சங்கம் செய்யத்தக்கவை

இவற்றையெல்லாம் தனித்த நெசவாளரோ உழவரோ அறிந்து நடத்தல் அரிது, சங்கத்தால் இயலும். அயல்நாட்டுக் கேட்புக் கிடைத்தவுடன், நம் சரக்கிற்குரிய சுங்கக் குறியீடு யாது, தீர்வை எவ்வளவு, சலுகை உண்டா என்பவற்றை முதலில் கேட்டறிதல் வேண்டும். 1965 முதல் சென்னையில் இயங்கிவரும் கைத்தறி ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகம் இவற்றை விளக்கவல்லது. நூல் வாங்கிய பட்டியலையும் கூலிக் கணக்கையும் பத்திரமாக வைத்தால், பிறப்பிடச் சான்றிதழ் பெறுதல் எளிதாகும். பாங்கியின் உறுதிக் கடிதம் கைக்கு வருமுன் சரக்கேற்றலாகாது. பணம் வாராதொழியும் அபாயத்திற்கு 1957இல் அமைந்த ஏற்றுமதிக் கடன் உத்தரவாதக் கழகத்தில் இன்ஷூரன்ஸ் செய்துகொள்ளலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்றுண்டு. சங்கத்துத் தறிகள் அனைத்தையும் ஒரே நாட்டின் கேட்பிற்கு ஒப்படைத்தல் கூடாது. உள்நாட்டு விற்பனையைக் கைவிடாது, அயல்நாட்டு இலாபத்தில் ஒரு பகுதியை நிதியாகச் சேர்த்துவைத்தால், கதவு மூடும் காலத்தில் கூலி நிற்காது. 1904இல் பழைய செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கிய நம் முன்னோர், மழை பொய்க்கும் ஆண்டிற்காகவே பணம் சேர்த்தனர். கடல் கடந்த சந்தையும் மழையைப் போன்றதே. பெய்யும்போது ஏரியை நிரப்பிக்கொள்வோமாக.