பாய்மரத்தைத் தாங்கும் தூண்

ஜொகூர் பாருவின் கிழக்குப் பகுதியில், ஜொகூர் நீரிணையை ஒட்டி, செனிபோங் கோவ் படகுத்துறை அமைந்துள்ளது. மேற்கே இஸ்கண்டார் புத்திரியில் புத்திரி ஹார்பர் படகுத்துறை இருக்கிறது. தரைவழியாகச் சென்றால் இரண்டுக்கும் இடையே அதிகத் தொலைவு இல்லை. ஆனால், பாய்மரப் படகுக்கு அப்படியன்று. 1924ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஜொகூர் கடற்பாலம் நீரிணையைக் குறுக்கே அடைத்து நிற்பதால், ஒரு துறையிலிருந்து மற்றொரு துறைக்குச் செல்லும் படகு சிங்கப்பூர்த் தீவையே சுற்றிவர வேண்டும்.

கடல் கடந்து நெடும்பயணம் செய்யும் பாய்மரப் படகுகளுள் முப்பது, நாற்பது ஆண்டுப் பழைமையானவை ஏராளம். கண்ணாடியிழையால் கட்டப்பட்ட அவற்றின் உடற்பகுதி எளிதில் கெடுவதில்லை. கெடுவது வேறோர் இடத்தில். பெருமழை பெய்யும்போது மேல்தளத்திலிருந்து அறைக்குள் ஒரு துளி சொட்டும். தகரக் கூரை வீட்டில் என்றால் ஒரு வாளியை வைத்துவிட்டு, மழை விட்டபின் ஓட்டையை அடைத்துக்கொள்ளலாம். படகில் அந்தத் துளி எந்த வழியாக வந்தது, வரும் வழியில் எதை நனைத்தது என்பதைக் கேட்டாக வேண்டும். பாய்மரம் நிற்பதும் விழுவதும் பல வேளைகளில் அந்த விடையைப் பொறுத்தே அமைகிறது.

பாய்மரம் எவ்வாறு நிற்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். அதன் உச்சியிலிருந்து முன்னும் பின்னும் இரு பக்கங்களிலும் எஃகு வடங்கள் இறங்கிப் படகோடு பிணைக்கப்பட்டிருக்கும். திருவிழாப் பந்தலின் நடுக்காலைச் சுற்றிலும் கயிறு கட்டி இறுக்கினால், அந்தக் கால் சாயாமல் நிற்பதோடு நிலத்தையும் அழுத்தும். கயிற்றை இறுக்க இறுக்க அழுத்தம் கூடும். பாய்மரத்தின் நிலையும் அதுவே. அதன் சொந்த எடை சில நூறு கிலோவுக்குள்தான் இருக்கும். ஆனால், வடங்களின் இழுவையும் பாயில் மோதும் காற்றின் விசையும் சேர்ந்து அதன் அடியில் உண்டாக்கும் அழுத்தம் பல டன்னாகும். பலத்த காற்றில் அது படகின் மொத்த எடைக்கு ஈடாகவும் உயரக்கூடும்.

இந்த அழுத்தத்தை எது தாங்குகிறது? சில படகுகளில் பாய்மரம் மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு, படகின் முதுகெலும்பு போன்ற அடிமரம் வரை இறங்கும். தமிழ்நாட்டுக் கடலோடிகள் அந்த அடிமரத்தை 'ஏரா' என்பர். வேறு சில படகுகளில் பாய்மரம் மேல்தளத்தின் மீதுள்ள ஓர் உலோகப் பீடத்தில் நிற்கும். அத்தகைய படகுகளில் பீடத்துக்கு நேர்கீழே, அறைக்குள், ஒரு தாங்குதூண் இருக்கும். தளத்தின் மீது இறங்கும் பாரத்தை ஏராவுக்குக் கடத்துவது அதுதான். பாய்மரம், பீடம், தளம், தூண், ஏரா என்ற இந்தத் தொடரில் ஒன்று நலிந்தாலும் மற்றவை பயனற்றுப் போகும். பழைய படகுகளில் பெரும்பாலும் முதலில் நலிவது இரண்டு இடங்கள்: பீடத்துக்கு அடியில் உள்ள தளமும் தூணின் அடிப்பகுதியும்.

தளம் ஏன் நலிகிறது? கண்ணாடியிழைப் படகின் மேல்தளம் வெளியே பார்க்க ஒரே தகடு போலத் தோன்றும். உண்மையில் அது மூன்று அடுக்குகள் கொண்டது. மேலும் கீழும் மெல்லிய கண்ணாடியிழை அடுக்குகள். நடுவில் பால்சா மரமோ ஒட்டுப்பலகையோ இருக்கும். பால்சா மிக இலேசான மரம். தென் அமெரிக்காவின் வெப்பமண்டலக் காடுகளுக்கு உரியது. நடுவே அதை வைப்பதால் தளம் எடை கூடாமல் விறைப்பாக இருக்கிறது. நல்ல அமைப்புதான், நீர் உள்ளே புகாதவரை!

தளத்தில் எத்தனை துளைகள் உள்ளன என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். கைப்பிடிக் கம்பிகளின் கால்கள், கயிறு சுற்றும் உருளைகள், காற்றுத் திறப்புகள், வடங்களைப் பிணைக்கும் எஃகுப் பட்டைகள், பாய்மரப் பீடம் என ஒவ்வொன்றும் திருகாணிகளால் பொருத்தப்பட்டது. ஒவ்வொரு திருகாணியைச் சுற்றியும் கட்டியபோது பூசிய அடைப்புப் பசை உண்டு. வெயிலிலும் மழையிலும் பத்து, பதினைந்து ஆண்டுகள் கிடந்தால் அந்தப் பசை காய்ந்து வெடிக்கும். பிறகு, ஒவ்வொரு மழைக்கும் சிறிது நீர் துளை வழியே இறங்கி நடு அடுக்கை அடையும். மேலும் கீழும் கண்ணாடியிழை மூடியிருப்பதால் உள்ளே சென்ற நீர் ஆவியாகி வெளியேற வழியில்லை. மரத்தில் ஈரம் அதன் உலர்ந்த எடையில் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளர்வதில்லை. அதற்கு மேலே சென்று ஈரம் தங்கிவிட்டால் மரம் மக்கத் தொடங்கும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஜொகூர் பாருவில், வெப்பமும் ஈரமும் சேர்ந்து பூஞ்சைக்கு ஆண்டு முழுவதும் விருந்து வைக்கின்றன.

மற்றோர் உண்மையையும் நினைவில் கொள்ள வேண்டும். நீர் சொட்டும் இடம் வேறு, நுழையும் இடம் வேறு. முன்பகுதியில் ஒரு திருகாணி வழியாக நுழைந்த நீர், நடு அடுக்கிலும் உள்கூரைக்குப் பின்னாலும் ஓடி, இரண்டு மீட்டர் தள்ளி அலமாரிக்குள் சொட்டலாம். சொட்டும் இடத்துக்கு நேர்மேலே பசை பூசுவது, காலில் முள் குத்தியதற்குக் கையில் மருந்திடுவது போன்றது. ஒழுகாத படகிலும் நடு அடுக்கு மக்கியிருக்கலாம் என்பது இன்னும் கவலைக்குரியது. மரம் நீர் முழுவதையும் உறிஞ்சிக்கொண்டால் ஒரு துளியும் வெளியே வராது.

ஆகவே, அனுபவமுள்ள பழுதுபார்ப்பவர் முதலில் கருவிப் பெட்டியைத் திறப்பதில்லை, காதைத் தீட்டிக்கொள்கிறார். சிறு சுத்தியலின் பிளாஸ்டிக் முனையால் தளத்தை ஓர் அங்குலத்துக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல இடத்தில் 'டக்' என்று கணீரென ஒலிக்கும். மக்கிய இடத்தில் 'தொப்' என்று மந்தமாகக் கேட்கும். ஒலி மாறும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டே வந்தால், இறுதியில் தளத்தின் மீது நோயின் வரைபடமே உருவாகிவிடும். பிறகு ஒரு நேரான மரச்சட்டத்தைப் பீடத்துக்கு அருகே குறுக்காக வைப்பார். சட்டத்துக்கும் தளத்துக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால் தளம் அமிழ்ந்திருக்கிறது என்று பொருள். அறைக்குள்ளும் அடையாளங்கள் உண்டு. முன்பு எளிதாக மூடிய கதவு இப்போது சட்டத்தில் உரசும். எத்தனை முறை இறுக்கினாலும் பக்க வடங்கள் மீண்டும் தளரும். வடம் நீண்டுவிட்டதாகப் பலர் எண்ணுவர். பல வேளைகளில் வடம் நீளவில்லை. பாய்மரம்தான் கீழே இறங்கியிருக்கும்.

தாங்குதூணின் அடியையும் பார்க்க வேண்டும். படகின் அடிப்பள்ளத்தில் எப்போதும் சிறிது நீர் தேங்கும். மரத்தூண் என்றால் அதன் பாதம் அந்த நீரில் ஊறி மென்மையாகிவிடும். கூரிய ஊசியால் குத்தினால் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். எஃகுத் தூண் என்றால் துரு அரித்திருக்கும். வடங்களைப் பிணைக்கும் துருப்பிடிக்காத எஃகுப் பட்டைகளும் இதற்கு விலக்கல்ல. காற்றில் உள்ள ஆக்சிஜன்தான் அவ்வகை எஃகின் மேல் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. தளத்துக்குள் புதைந்து, ஈரம் சூழ்ந்து, காற்றே படாத பகுதியில் அந்தப் படலம் சிதைய, எஃகு கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கப்படும். வெளியே பளபளக்கும் பட்டை உள்ளே பாதியாகத் தேய்ந்திருக்கலாம்.

பாய்மரம் முறிவதால் வரும் இடர் எத்தகையது என்பதைக் கடலோடிகள் நன்கு அறிவர். கடும்புயலும் அதற்குக் காரணமாகலாம். 1999ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் லங்காவியிலிருந்து 'ஜாலோர் கெமிலாங்' படகில் தனியே உலகைச் சுற்றப் புறப்பட்ட டத்தோ அஸார் மன்சோர், தென்கடலில் பாய்மரம் முறிந்ததால் ஃபாக்லாந்து தீவுகளில் பழுதுபார்த்துவிட்டே பயணத்தைத் தொடர நேர்ந்தது. ஆகஸ்டு 11ஆம் நாள் அவர் லங்காவிக்குத் திரும்பினார். 2018ஆம் ஆண்டு செப்டம்பரில், தென் இந்தியப் பெருங்கடலில் வீசிய புயலில் இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் 'துரியா' படகு பாய்மரத்தை இழந்தது. முதுகில் காயமுற்று அசைய முடியாமல் கிடந்த அவரைச் சில நாள்களுக்குப் பின் பிரான்சு நாட்டுக் கப்பல் மீட்டது. புயலை யாரும் தடுக்க முடியாது. மக்கிய தளத்தோடு புயலைச் சந்திக்காமல் இருப்பது மட்டுமே மனிதர் கையில் உள்ளது.

பழுதுபார்க்கும் பணி பாய்மரத்தை இறக்குவதில் தொடங்குகிறது. வடங்கள் ஒவ்வொன்றின் நீளத்தையும் இறுக்கத்தையும் குறித்துக்கொண்டு, பாரந்தூக்கியால் பாய்மரத்தை உயர்த்திக் கரையில் கிடத்துவர். பின்னர், சுண்ணக்கட்டியால் குறித்த பகுதியில் மேல் அடுக்கை மட்டும் வட்ட அரத்தால் அறுத்து எடுக்க வேண்டும். அரம் சில மில்லிமீட்டர் அதிகமாக இறங்கினாலும் கீழ் அடுக்கு வெட்டுப்படும். அது வெட்டுப்பட்டால் வேலை இரட்டிப்பாகும். மேல் அடுக்கை நீக்கியதும் தெரிவது கறுத்து, சேறுபோல் ஆகிவிட்ட பால்சா. அதனை உளியால் சுரண்டி, வெளிறிய உலர்ந்த மரம் தெரியும்வரை எடுத்துவிட வேண்டும். 'இது கொஞ்சம் ஈரந்தான், காய்ந்துவிடும்' என்று விட்டுவைக்கும் ஒரு சாண் மரம், சில ஆண்டுகளில் மீண்டும் அதே வேலையைக் கொண்டுவரும்.

காய வைப்பதுதான் ஜொகூர் பாருவில் பெரிய சோதனை. பிற்பகல் இடிமழை சொல்லிவிட்டு வருவதில்லை. எனவே, படகின் மேல் சாய்வான தார்ப்பாய்ப் பந்தல் போட்டு, உள்ளே காற்றாடி வைத்து நாள்கணக்கில் உலர்த்துவர். அதன்பின் புதிய மரத்தைப் பொருத்தி எபாக்சி பிசினால் ஒட்டுவர். பாய்மரப் பீடத்துக்கு நேர்கீழே மட்டும் பால்சா வைக்கக்கூடாது. அங்கு அழுத்தத்தில் நசுங்காத, நீரில் ஊறாத கெட்டியான கண்ணாடியிழைப் பலகையைப் பதிக்க வேண்டும். எபாக்சியைக் கலக்கும்போதும் வெப்பத்தை மறக்கக்கூடாது. வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் அது இறுகும் நேரம் ஏறத்தாழ பாதியாகக் குறையும். குளிர்நாட்டு அறிவுரையைப் படித்து ஒரு வாளி நிறையக் கலந்தால், நம் ஊர் வெயிலில் அது புகைந்து, தூரிகையோடு கல்லாகிவிடும். சிறு சிறு அளவாகக் காலை வேளையில் கலப்பதே இங்கு வழக்கம். கண்ணாடியிழைத் தூள் நுரையீரலுக்கும் எபாக்சி தோலுக்கும் கேடு விளைவிப்பதால் முகக்கவசமும் கையுறையும் கட்டாயம் தேவை.

அடுத்தது தாங்குதூண். தளம் அமிழ்ந்திருந்தால் அதனை ஒரே நாளில் தூக்கிவிடக் கூடாது. நீரியல் பலுக்கியை ஒரு தடித்த பலகையின் மேல் நிறுத்தி, நாளொன்றுக்குச் சில மில்லிமீட்டர் வீதம் உயர்த்துவர். அவசரப்பட்டால் தளத்தில் புதிய வெடிப்பு விழும். உரிய உயரம் வந்தபின், தூணின் மக்கிய பாதத்தை அறுத்து நீக்கி, நீர் எட்டாத உயரத்துக்குக் கண்ணாடியிழைக் கட்டை ஒன்றை ஏராவின் மீது அமைத்து, அதன் மேல் தூணை நிறுத்துவர்.

ஒழுகலைத் தடுக்கும் வேலையில் நுணுக்கம் திருகாணித் துளையில் இருக்கிறது. துளையைத் தேவைக்கு மேல் பெரிதாகத் துளைத்து, அதைக் கெட்டியான எபாக்சியால் நிரப்பி, அது இறுகியபின் நடுவில் சரியான அளவில் மீண்டும் துளைக்க வேண்டும். அப்போது திருகாணியைச் சுற்றி எபாக்சிச் சுவர் அமைந்துவிடும். நாளை பசை வெடித்து நீர் புகுந்தாலும் அது மரத்தைத் தொடாமல் நேராகக் கீழே சொட்டும். சொட்டுவது கண்ணில் படும். அடைப்புக்குச் சிலிகான் பூசுவது எளிது. ஆனால், சிலிகானின் எச்சம் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு, பின்னாளில் எந்தப் பசையையும் பிடிக்க விடாது. அதனால், பல கைவினைஞர்கள் மென்மை நீங்காத பியூட்டைல் பட்டையையே விரும்புகின்றனர்.

புதிய பொருள்கள் வந்தாலும் நோக்கம் பழையதே. திரெங்கானுவின் டூயோங் தீவில் செங்கால் மரத்தால் படகு கட்டியவர்கள், பலகைகளின் இணைப்பில் கெலாம் மரப்பட்டையைச் செருகினர். அது நீரில் உப்பி இடைவெளியை அடைத்துவிடும். தமிழ்நாட்டுக் கடற்கரையில் பருத்தியைத் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் கலந்து பூசுவதைக் 'கலப்பத்து' என்றனர். மும்பையில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட 'சுஹைலி' படகில் 1968ஆம் ஆண்டு புறப்பட்ட ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், நடுக்கடலில் அடிப்பலகையின் இணைப்பு ஒழுகியபோது நீரில் மூழ்கிப் பருத்தியைத் திணித்து, அதன் மேல் செம்புத் தகட்டை ஆணியடித்தார். எங்கும் நிற்காமல் 312 நாள்களில் உலகைத் தனியே சுற்றிவந்த முதல் மனிதரானார்.

பாய்மரத்தை மீண்டும் ஏற்றுவதற்கு முன் நீர்ச் சோதனை நடக்கும். ஒருவர் விளக்கோடு உள்ளே இருப்பார். மற்றவர் குழாயால் தளத்தின் தாழ்ந்த பகுதியில் தொடங்கி மெல்ல மெல்ல மேலே நீர் பாய்ச்சுவார். மேலிருந்து தொடங்கினால் எந்தத் துளை ஒழுகுகிறது என்று பிரித்தறிய முடியாது. பாய்மரம் ஏறியபின் வடங்களைச் சிறிது சிறிதாக இறுக்கி, சில வாரங்கள் ஓட்டிப் பார்த்து மீண்டும் இறுக்குவர். நவம்பரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது, ஒவ்வொரு திருகாணியின் அடியிலும் தூணின் பாதத்திலும் மெல்லிய காகிதத் துண்டுகளை ஒட்டிவைப்பர். மழை விட்ட மறுநாள் காலையில் அவை ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்ப்பர்.